ஐந்து படிக்கும் ஐந்து நாமினி

பெரம்பலூர்

என் அன்புள்ள தம்பி மகன் தமிழ்மாறனுக்கு,

அத்தை ரெங்கம்மாள் எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன், விஷயம் நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் "சரிங்கத்த" என்று சொல்லியே முடித்துவிடுவாய்.

நீ கட்டிக் கொடுத்த ஏணியில் குறை எதுவும் இல்லை. கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிற ஃபண்டுகள் ஐந்து, 2027இல் ஒன்று, 2028இல் ஒன்று என்று 2031 வரை வருஷத்துக்கு ஒன்றாக முதிர்ந்து பணம் என் கைக்கு வரும். இடையில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அந்தந்த வருஷச் சாப்பாடு அந்தந்தப் படியில் காத்திருக்கும் என்றாய். பிள்ளை இல்லாத நான் யார் வாசலிலும் போய் நிற்காமல் இந்த வீட்டிலேயே இருந்து முடிக்க அதுதான் வழி என்று, கான்வென்டில் கணக்குப் படித்தவளுக்குப் புரியாமல் போகுமா. தப்பு நடந்தது நாமினியில். படிக்கு ஒரு நாமினி போடலாம் என்றாய். யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று ஐந்து பேரைப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

நம் குடும்ப வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவருக்கு நேரிலும் இன்னொருவருக்குப் போனிலும் சேதி சொன்னால் அந்த வருத்தம் பேரப்பிள்ளைகள் கல்யாணம் வரை தீராது. அதனால் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, ஆட்டோ பேசி, பத்திரிகை வைக்கப் போவதுபோல வீடு வீடாகப் போனேன். விதவை தட்டு எடுக்கலாமா என்று எதிர்வீட்டில் ஒருத்தி இழுத்தாள். பணம் போட்டவள் நான், தட்டும் நான்தான் எடுப்பேன் என்றேன். சிறுவாச்சூரில் என் நாத்தனார் மருதாயிக்கு, "உன்னை 2027க்குப் போட்டிருக்கேன்" என்று தட்டைக் கொடுத்தேன். வரதராஜன்பேட்டையில் என் கொழுந்தன் அய்யம்பெருமாளுக்கு 2028. அரியலூரில் இரண்டு வீடு. 2031 நீ. எல்லா வீட்டிலும் காப்பி நன்றாக இருந்தது.

பத்திரிகை மாதிரி வைத்தால் பத்திரிகை மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, தமிழ்மாறா. மருதாயி மகள் அபிநயாவுக்கு 2027 வைகாசியில் முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். அய்யம்பெருமாள் வயலில் போர்வெல் போட ஆள் பார்த்துவிட்டு இங்கே வந்து, வளர்க்கக் கொடுத்த கன்றுக்குட்டியை விசாரிப்பதுபோல, "2028 நல்லாருக்குங்களா அண்ணி?" என்கிறார். கொஞ்சம் முன்னால் வேண்டுமாம், தங்கச்சியிடம் பேசி மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அண்ணன் தங்கை இரண்டு பேரையும் கூடத்தில் உட்கார வைத்து, நாமினி என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன். படி முதிரும்போது நான் இருந்தால் பணம் எனக்கு. அதற்கு முன் நான் போய்விட்டால்தான் உங்களுக்கு.

"அப்ப நீங்க இருந்தா எங்களுக்கு ஒண்ணும் கெடையாதா அண்ணி?" என்றாள் மருதாயி.

"கெடையாது."

"இத தட்டு வச்சா வந்து சொல்லுவாங்க?" என்றார் அய்யம்பெருமாள்.

மருதாயி கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "சரி, நீங்களே இருங்க அண்ணி. மண்டபத்துக்கு வேற வழி பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து திங்களும் வெள்ளியும் மதுரகாளிக்கு என் பெயரில் அர்ச்சனை செய்கிறாளாம். அய்யம்பெருமாள் பேசுவதில்லை. ஆனால் வாரம் ஒரு முறை பஸ் ஏறி வந்து, என் பிரஷர் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஆகவே உனக்கு என் கண்டிப்பான உத்தரவு. ஐந்து படியிலும் மற்றவர்கள் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை மட்டும் போடு. நான் சாப்பிட வேண்டிய ஏணி இது. ஒரு படியைக்கூட யாருக்கும் கழற்றித் தர மாட்டேன், யார் அழுதாலும் சரி.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்கள் பேசும்போது செல்போனைக் கீழே வைக்கும் குணத்தோடு வளர என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அத்தை ரெங்கம்மாள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அபிநயா வந்தாள். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "மண்டபம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் அத்த. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கறோம். நீங்க வந்து சாட்சிக் கையெழுத்து போட்டா போதும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் வீட்டுப் பெண் கல்யாணம் மண்டபத்தில்தான் நடக்கும். 2027 படி முதிர்ந்து வரும் பணம் அவளுக்கு. மற்ற பெயர்களையும் மாற்ற வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். என் நகையில் ஒரு வளையலை விற்று அனுப்புகிறேன், மேலே 2032க்கு ஒரு படி சேர்த்துவிடு. 2027 முழுக்கச் சாப்பாடு மருதாயி வீட்டில் என்று முடிவு செய்து, சோறு குழையக் கூடாது, ரசத்தில் புளி தூக்கலாக இருக்கக் கூடாது, தட்டை நான் பார்க்கக் கழுவ வேண்டும் என்று அவளுக்குப் போனில் சொல்லிவிட்டேன். "இதுக்கு நீங்க செத்தே போயிருக்கலாம் அண்ணி" என்றாள். அர்ச்சனையை மட்டும் நிறுத்த மாட்டாளாம்.