என் ஜனாஸாவுக்கு வந்து திரும்பிய மச்சானுக்கு

786

மாத்தளை,
24.04.1962.

கண்ணியத்துக்குரிய மச்சான் கலந்தர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கையின் புருசன் ஸெய்னுலாப்தீன் ஆயிரம் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை ஹமீமாவும் அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். ‘உயிரோடு’ என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும். தம்புள்ளையில் தாங்களும் தங்கள் மனைவி றமீஸாவும் வெங்காய வியாபாரமும் அவ்வண்ணமே இருக்க துஆச் செய்கிறேன்.

நிற்க. நேற்று உங்கள் லொறி டிரைவர் பொன்னையா என் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். “மொதலாளி ஒரு சேதி சொல்லச் சொன்னாருங்க. நீங்க என்னயக் கோவிக்கக் கூடாதுங்க” என்றான். கோவிக்கமாட்டேன், சொல்லு என்றேன். “அடுத்த தடவ நீங்க நெசமாவே மௌத்தானாலும் அவரு வரமாட்டாராம்” என்றான். மச்சான், அஞ்சு வருசமாக நீங்கள் என்னோடு பேசவில்லை, பொறுத்துக்கொண்டேன். பெருநாளைக்கு வரவில்லை, அதையும் பொறுத்தேன். ஆனால் மௌத்துக்கு வரமாட்டேன் என்பது பெரிய வார்த்தை. எனக்குக் கூடப்பிறந்த ஆம்பிளைகள் இல்லை, ஹமீமாவுக்கும் நீங்கள் ஒருத்தர்தான். நீங்கள் தோள் கொடுக்காமல் என் சந்தூக்கு இந்த வீட்டுப் படி இறங்கினால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்கள், உள்ளே படுத்திருக்கிற நான் என்ன நினைப்பேன்? மையத்து மாதிரி நடித்து உங்களை வரவழைத்தேன் என்று நீங்கள் நம்புவது சுத்த அபாண்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சித்திரை வருசப் பிறப்புக்கு அலுவிகாரையில் விளையாட்டு விழா வைத்தார்கள். வழுக்கு மரம், தலையணைச் சண்டை, பணிஸ் தின்னும் போட்டி என்று எத்தனையோ இருக்க, நான் மரதன் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர், மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற முதலாளி, பேரப்பிள்ளை கண்ட மனுசன், பலாபத்வலை வரைக்கும் போய்த் திரும்பி ஓடுவதா என்று ஹமீமா கேட்டாள். கேட்டுக்கொண்டே அதற்கொரு அரைக்காற்சட்டையும் தைத்துத் தந்தாள், அவள் குணம் உங்களுக்குத் தெரியும்தானே. ஓடினேன் மச்சான். ரோட்டோரத்துச் சனம், “என்ன முதலாளி, கடையில கள்ளன் பூந்துட்டானா? எந்தப் பக்கம் போனான்?” என்று கேட்டுக் கேட்டு, எனக்கு முன்னால் கொஞ்சத் தூரம் அவர்களும் ஓடிப்பார்த்தார்கள். பொடியன்கள் எல்லாரும் திரும்பி வந்து, பரிசும் வாங்கி, குளித்துத் தலை சீவிக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன். முடிவுக் கோட்டில் கட்டியிருந்த நூலைக்கூடச் சுருட்டிவிட்டார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் ஓடிவந்து அதை மறுபடி பிடித்தார்கள், நான் நெஞ்சால் அறுத்தேன். கடைசிதான். ஆனாலும் வந்தேன். ஒரு எனாமல் பேசின் தந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்துக்குக் கோட்டை கொத்தளம் எதுவும் ஈடில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

சந்தோசம் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் விடிய எழும்பப் பார்த்தால் இரண்டு காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ விறகு அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. செய்தி பரவி, நோயாளியைப் பார்த்த நன்மை தேட ஊரே வந்துவிட்டது. வந்தவர்கள் ஆளுக்கொரு ஹோர்லிக்ஸ் போத்தலும் “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்ற கேள்வியும் கொண்டுவந்தார்கள். ஹோர்லிக்ஸ் வேறு வேறு அளவு, கேள்வி எல்லாம் ஒரே அளவு. பிறகு ஹமீமா றத்தோட்டையிலிருந்து சிங்கள வைத்தியரைக் கூப்பிட்டாள். அந்த வெதமாத்தயா நல்ல மனுசன், கைராசிக்காரர். எண்ணெய் பூசி, பத்துப் போட்டு, இரண்டு காலையும் வெள்ளைத் துணியால் சுற்றினார். நித்திரையில் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் நரம்பு பிசகிப்போகுமாம், அதனால் காலின் பெருவிரல் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டிவிட்டுப் போனார்.

இனித்தான் கவனமாக வாசிக்க வேண்டும். அந்த எண்ணெயின் நாற்றம் இருக்கிறதே, செத்த எலி தோற்றது. தாங்கமுடியாமல் பஞ்சில் அத்தர் தொட்டு இரண்டு மூக்குத் துவாரத்திலும் வைத்துக்கொண்டேன். நுளம்புக் கடிக்கு ஹமீமா சாம்பிராணி போட்டாள். ஈ மொய்க்கிறது என்று தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் போர்வையும் போர்த்திவிட்டு, என் சுகத்துக்காகப் பக்கத்து அறையில் உட்கார்ந்து யாஸீன் ஓதினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது மச்சான். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் எங்கள் யாருக்கும் புத்தி போகவில்லை. அந்த நேரம் பார்த்து, டவுன் கடைகளுக்கு வெங்காயம் இறக்க வந்த உங்கள் பொன்னையா, என் கால் விசயம் கேள்விப்பட்டு, நல்ல மனதோடு சுகம் விசாரிக்க வந்திருக்கிறான். முன்கதவு சாத்தியிருக்க, ஜன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறான். காற்றுக்குப் போர்வை விலகி, முகமும் பாதமும் வெளியில் கிடந்திருக்கின்றன. நேற்று அவனைக் கேட்டேன், ஒரு வார்த்தை விசாரித்திருக்கக் கூடாதா என்று. “எங்க சனங்களும் செத்தவங்களுக்குப் பெருவெரல அப்பிடித்தானேங்க கட்டுவோம். மூக்குல பஞ்சும் இருந்திச்சு. இதுக்கு மேல என்னத்தங்க விசாரிக்கிறது?” என்றான். அதுவும் நியாயம்தான். அவன் லொறியைத் திருப்பி உங்களிடம் பறந்து வந்தது உங்களுக்கே தெரியும்.

இது எதுவும் தெரியாமல் நான் நல்ல தூக்கம் தூங்கி எழும்பினேன். கால் கொஞ்சம் இளகியிருந்தது. வாசலில் மறுபடி ஹோர்லிக்ஸ்காரர்களின் குரல் கேட்டது. போதுமடா சாமி என்று நூலை அறுத்தெறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கத்தால் போய் என் பழைய ஒஸ்டினுக்குள் ஏறிவிட்டேன். எங்கள் வீட்டு இறக்கம் உங்களுக்குத் தெரியும், பிரேக்கை விட்டால் சத்தமில்லாமல் ரோட்டுக்கு இறங்கிவிடும். ஹமீமா அடுப்படியில் பத்துக்கு மருந்து இடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கே தெரியாது. கிளச்சை மிதிக்க இடது கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஒரு தரம் போட்ட கியரை மாற்றாமலே போனேன். அலுவிகாரையில் தேத்தண்ணிக் கடைக்காரன் கையைக் காட்டினான், நிறுத்த முடியாது என்று நானும் கையைக் காட்டினேன். நான் ஓடிய அதே ரோட்டு, மச்சான். ஓடும்போது உயிரை வாங்கிய மேடெல்லாம் இப்போது எனக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னலைத் திறந்துவிட்டு, யாரும் புத்தி சொல்ல இல்லாத காரில், வாய்க்கு வந்த பைத்தைப் பாடிக்கொண்டு போனேன். ராசா மாதிரி இருந்தது.

நாலந்தையைத் தாண்டுகிறபோது எதிரே உங்கள் லொறி வந்தது. பின்னால் தொப்பி போட்ட ஆட்கள் நிறைய. முன்சீட்டில் நீங்கள். முகத்தைத் துவாயில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு வந்தீர்கள். நான் ஹோர்ன் அடித்துக் கையை ஆட்டினேன். பொன்னையா என்னைப் பார்த்தான். மூக்கில் பஞ்சு வைத்திருப்பதை நான் மறந்தே போனேன். லொறி அந்த வேகம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இந்த மனுசனை நான் ஒரு நாளும் அழக் கண்டதில்லையே, வீட்டில் யாருக்கோ மௌத்தாகிவிட்டதே என்று நினைத்து, இன்னாலில்லாஹி சொல்லி, நானும் அழுதுகொண்டே காரை ஓட்டினேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி உங்கள் மகள் கலியாணத்துப் புரியாணியில் உப்பு மட்டு, போதாது என்று நான் சஹனில் சேர்ந்து சாப்பிடும்போது சொன்னேன், அதற்கு நீங்கள் கோபித்தீர்கள். உப்பு மட்டுத்தான், அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் மௌத்து வீட்டுக்குப் பகை பார்த்துப் போகாமல் இருப்பவன் மனுசனா? நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் இருமிக்கொண்டு நின்றது. றமீஸா ஓடிவந்து என்னைக் கண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழாத றமீஸா. யாரு மௌத்து? சொல்லு” என்றேன்.

“யா அல்லாஹ்! நீங்கதான்!” என்றாள்.

அவள் என்னைத் தொட்டுப் பார்த்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்து, சிரித்து, அழுது, பிளேன்டீ தந்து அனுப்பினாள். அதற்கிடையில் என் வீட்டில் நடந்ததை, நான் திரும்பி வந்த பிறகு ஹமீமா சொன்னாள். அஞ்சு வருசத்துக்குப் பிறகு தன் கூடப்பிறந்த நானா அழுதுகொண்டு வாசலில் நிற்பதைக் கண்டதும், நோய் பார்க்க வந்தாரே என்ற சந்தோசத்தில் அவளும் அழுதாளாம். “அவரு எங்க?” என்று நீங்கள் கேட்க, “உள்ள அறையிலதான், கால் ரெண்டும் கட்டினபடி கிடக்கார், போய்ப் பாருங்க. வட்டிலப்பம் இருக்கு, எடுத்து வாறன்” என்றாளாம். துக்கத்தில் தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்களாமே! அறைக்குள் போனால் வெறும் கட்டிலும் அறுந்த நூலும் அத்தர் வாசமும். எங்கள் ஆட்கள் அடக்குவதற்கு அவசரப்படுவது தெரிந்ததுதானே. எடுத்துவிட்டார்கள், முகம் பார்க்கக் கிடைக்கவில்லை என்று அலறிக்கொண்டு மையவாடிக்கு ஓடினீர்களாம். செருப்பும் போடாமல், அந்த உடம்போடு, நடு ரோட்டில். பள்ளி மோதினார் சொன்னார், லொறியில் வந்த இளந்தாரிகளே உங்களைப் பிடிக்க முடியவில்லையாம். மையவாடியில் இன்றைக்குக் குழியே வெட்டவில்லை என்று தெரிந்ததும் ஏமாற்றிவிட்டான் என்று கத்திவிட்டுப் போனீர்கள். திரும்பி வருகிற வழியில் நாவுலையில் உங்கள் லொறியை மறுபடி கண்டேன். நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

இதில் என் சூழ்ச்சி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். நீங்கள் என்னை அழ வந்தீர்கள், நான் உங்களைத் தேற்ற வந்தேன். இருவரும் ஆள் இல்லாத வீட்டுக்குப் போய்த் திரும்பினோம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. என்னோடு பேச வேண்டாம். பெருநாளைக்கும் வர வேண்டாம். அந்த வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்குங்கள். என் மௌத்துக்கு வந்து, சந்தூக்கின் முன்பக்கம் உங்கள் தோளில் போகவேண்டும். எனக்கு முந்தி நீங்கள் போய்விட்டால் நான் வருவேன், கால் மடங்காவிட்டாலும் வருவேன், இது வாக்கு. அதுவரைக்கும் இப்படியே கோபமாக இருப்போம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நிதானமாக யோசித்துப் பதில் போடுங்கள்.

றமீஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் தொழிலில் பறக்கத்தும் உடம்பில் ஆபியத்தும் ஈமானில் உறுதியும் அல்லாஹ் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் புருசன்,
ஸெய்னுலாப்தீன்.

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. முத்திரை ஒட்டி, தொப்பியும் போட்டுக்கொண்டு தபால் கந்தோருக்குப் புறப்பட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட ஹமீமா, “மௌத்துக்கு வாங்கன்னு இப்பவே அழைப்பு அனுப்புற மனுசன உலகத்துல கண்டிருக்கா? உசிரோட இருக்கிறப்ப ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போகும்?” என்று சொல்லிவிட்டு, காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னேன், இறங்கவில்லை. ஆகவே பதில் போட வேண்டாம், நிதானமாக யோசிக்கவும் வேண்டாம். இதை நானேதான் உங்கள் கதவுக்குக் கீழால் தள்ளியிருக்கிறேன். நீங்கள் இந்த வரியை வாசிக்கிற நேரம் நாங்கள் இரண்டு பேரும் வெளியே வெயிலில்தான் நிற்கிறோம். கதவைத் திறங்க, மச்சான்.