கப்பலுக்குப் போன பெண்ணைக் கரைக்கு அழைக்கும் விஷயமாக

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். குறைந்திருந்தாலும் உட்கார்ந்தே படிக்கவும்.

விஷயம் என் மகளைப் பற்றியது. அவள் கடற்படையில் சேரப்போகிறேன் என்றபோது வீட்டில் முதலில் கை தட்டியவர் நீங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான். என் பேச்சு அவளுக்குக் காற்று; தாய்மாமன் பேச்சு என்றால் காது கொடுப்பாள். ஆகவே நீங்களே ஒரு வார்த்தை சொல்லி, கப்பல் வேலையை விட்டுவிட்டுத் தரையில், நான் எட்டிப் பார்க்கிற தூரத்தில், ஒரு உத்தியோகத்துக்கு அவளை வரச் செய்ய வேண்டும்.

கடற்படை என்றால் நான் என்ன நினைத்தேன், மச்சான்? கப்பலைத் துறைமுகத்தில் கட்டி வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கொடி ஏற்றி, சல்யூட் அடித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். முதல் பயணமே கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாற்ற. அந்த ஜாதியெல்லாம் கதைப் புத்தகத்தோடு ஒழிந்துபோய்விட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் இருக்கிறார்களாம், சின்னப் படகில் துப்பாக்கியோடு வருவார்களாம், நாங்கள் பக்கத்தில் போனாலே திரும்பிவிடுவார்கள் என்று அவள் போனில் சிரிக்கிறாள். அன்றைக்கு என் கண்ணாடிக் கடையில் அதே நினைப்பில் தையல்காரரின் கண்ணாடியைப் பள்ளிக்கூடக் காவலாளிக்கும், அவருடையதைத் தையல்காரருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். தையல்காரர் ஊசியில் நூல் கோக்கப் போய் விரலைக் கோத்துக்கொண்டார். காவலாளி தலைமையாசிரியையையே, 'யாரும்மா நீங்க, யாரைப் பார்க்கணும்?' என்று வாசலில் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். எதிரே வந்தவனையெல்லாம் நான் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே வந்தார்களாம்.

அது போகட்டும். அடுத்த மாதம் டிவியில் நம் போர்க்கப்பலும் வேறொரு நாட்டுப் போர்க்கப்பலும் நேருக்கு நேர் நிற்கின்றன, பீரங்கி வெடிக்கிறது. என் மகளின் கப்பல்தான், பக்கவாட்டு எண்ணைப் பார்த்தேன். செய்தியை முழுதாகக் கேட்கும் நிதானம் யாருக்கு இருந்தது? தெருவில் இறங்கிப் போர் மூண்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். மளிகைக்கடை அரை மணி நேரத்தில் காலி. பிறகுதான் தெரிந்தது, அது நட்பு நாட்டோடு கூட்டுப் பயிற்சியாம், மாலையில் இரண்டு தரப்பும் கால்பந்து விளையாடினார்களாம், நம் ஆட்கள் தோற்றார்களாம். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் உப்பு மூட்டையாக இருக்கிறது. அந்த வீட்டு வாசல்கள் வழியாக நான் போவதில்லை.

புயலில் சிக்கிய மீனவர்களைத் தேட நடுக்கடலுக்குப் போனாள். ஊரே கரைக்கு ஓடிவருகிறபோது என் வீட்டுப் பெண் மட்டும் எதிர்த்திசையில் போகிறாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவைதான் என்னால் முடியவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு நாட்டில் சண்டை, விமானமெல்லாம் நின்றுவிட்டது, அங்கே வேலைக்குப் போன நம் ஜனங்களை ஏற்றிவர அவள் கப்பல் கிளம்பிவிட்டது. அதோடு போன் நின்றது. உங்கள் தங்கை ஒன்றுமே நடக்காததுபோலக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்கென்ன கல்மனசா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தால் எல்லாவற்றிலும் இரண்டு தடவை உப்பு. நான் தட்டைக் காலி செய்தேன். அவளும் காலி செய்தாள்.

பொறுக்கமாட்டாமல் கடற்படைத் தளத்து வாசலுக்கே போய் நின்றேன். காவலுக்கு இருந்தவர் நல்ல மனுஷன், நாற்காலி எடுத்துப் போட்டார்.

"கப்பல் எங்க இருக்குன்னு சொல்லக் கூடாதுங்க ஐயா."

"எங்கன்னு கேக்கல தம்பி. இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் உள்ளே போனார், வந்தார். "இருக்குங்க," என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவதுபோல வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

கப்பல் வந்தது. வேலையை விட்டுவிடு என்று சொல்ல ஒரு பேச்சே தயார் செய்துகொண்டு துறைமுகத்துக்குப் போனேன். ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள், சிலருக்குக் காலில் செருப்பில்லை. என் மகள் யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பெரியவரைக் கைபிடித்து இறக்கிக்கொண்டு வருகிறாள். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பா, கடையில ரெடிமேட் கண்ணாடி இருக்குல்ல? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. இவங்கள்ல பாதிப் பேர் கண்ணாடியக்கூட எடுக்காம ஓடி வந்திருக்காங்க," என்றாள். தயார் செய்த பேச்சு துறைமுகத்திலேயே நின்றது. கால் மட்டும் கடைக்கு ஓடியது.

சரக்குக் கொட்டகையில் ஒரு மேஜை போட்டு, தூணில் எழுத்து அட்டையை மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கண் பார்த்தேன். மகள் கைபிடித்து இறக்கிய அந்தப் பெரியவர் கண்ணாடி போட்டதும் எழுத்தைப் பார்க்கவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம நாடுதானா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எனக்குத்தான் அட்டை மங்கலாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மகள் மறுபடி கப்பலில் ஏறிவிட்டாள். அங்கே இன்னும் ஆட்கள் மிச்சமிருக்கிறார்களாம். கையசைத்தாள், நானும் அசைத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவேயில்லை.

இதனால் என் மனசு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு மறுபடி செய்திக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தகப்பனுக்கு எத்தனை கடல்தான் தாங்கும்? அவள் திரும்பி வந்த கையோடு நீங்கள் பேசிவிடுங்கள், மச்சான்.

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் அனைவரும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த சுகத்தோடு, கூடுமானவரை தரையிலேயே இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கண்ணாடிக் கடைக்காரன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரம் பார்த்துக் கடற்படை மருத்துவர் கடைக்கு வந்தார். கொட்டகையில் என் வேலையைப் பார்த்திருக்கிறார். மருந்தும் மருத்துவர்களுமாகத் தூரத்துத் தீவுகளுக்கு ஒரு கப்பல் போகிறதாம், கண் பார்க்க ஆளில்லையாம், வருகிறீர்களா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "எப்ப கிளம்பணும்?" என்று வந்துவிட்டது. உங்கள் தங்கை பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆனால் மகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, கப்பலிலிருந்து அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள்: 'அப்பாவுக்கு ஆட்டோவுல போனாலே தலை சுத்தும். கடலுக்கு அனுப்பாதீங்க. எனக்கு இங்க கையும் ஓடல காலும் ஓடல.' ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அப்பா போய்வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.