பச்சைத் துணியில் மஞ்சள் பூ

நான் ஒரு நல்ல தகப்பன் என்ற நம்பிக்கை எனக்கு முப்பத்தாறு வயது வரை இருந்தது. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ஐந்து என்பேன். (என்னோடு வேலை பார்த்த ஒருவர் விரல்விட்டு எண்ணித்தான் சொல்வார்.) அந்த நம்பிக்கை ஒரு தீபாவளி மாலையில், கோலாலம்பூரின் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் தொலைந்துபோனது.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பார்சல் ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. வண்டியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதும், சாக்கின்மேல் உள்ள குறி சரியா என்று பார்ப்பதும் என் வேலை. உள்ளே வெங்காயமா வெடிகுண்டா என்பதெல்லாம் என் கவலையில்லை. குறியும் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இந்தத் திறமையை வைத்தே வீட்டையும் நடத்தலாம் என்று அந்த வயதில் நினைத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு, சைக்கிளில் துணி மூட்டையோடு வரும் வியாபாரியிடம் ஒரே துணியை மொத்தமாக வாங்கினோம். பச்சையில் பெரிய பெரிய மஞ்சள் பூ. பையன்களுக்குச் சட்டை, பெண்ணுக்குக் கவுன், மிஞ்சியதில் தலையணை உறை. அந்த நிறத்தைப் பார்த்து என் மனைவி முகம் சுளித்தாள்.

"கூட்டத்துல புள்ளைங்க எங்க போனாலும் கண்டுபுடிச்சிரலாம், பாரு" என்றேன்.

"துணியக் கண்டுபுடிச்சு என்ன பண்ணப்போறீங்க? கையப் புடிச்சுக்குங்க" என்றாள். கைக்குழந்தை இருந்ததால் அவள் எங்களோடு வரவில்லை.

மூத்தவன் சுந்தரம், அடுத்தவன் மணி, ஏழு வயது ராஜம், ஐந்து வயது பாபு. நான்கு பேரையும் ஒருவர் துணியை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரயில் பெட்டிகள் மாதிரி பூங்காவுக்குள் கொண்டுபோனேன். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, குடையை உயர்த்திப் பிடித்தபடி நான் முன்னால் நடந்தேன். உள்ளே தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. உருவத்தைக் கோணல்மாணலாகக் காட்டும் கண்ணாடிகள் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம், எங்கும் பேண்டு வாத்தியம். பிள்ளைகள் எதையாவது வாய் பிளந்து பார்க்கும்போதெல்லாம், "எண்ணணும், நில்லுங்க" என்று நான் நிறுத்தினேன். அவர்கள் அன்றைக்கு எதைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது மஞ்சள் பூவை மட்டும்தான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கிளம்பலாம் என்று முடிவு செய்தேன். வாசலுக்குப் போகும் வழியில், பிள்ளைகளை முன்னால் விட்டுக் கடைசியாக ஒரு முறை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சரி. அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது. அழுகையும் இரைச்சலுமாக ஏதோ ஒரு குரல். ஓரக்கண்ணில் பச்சைத் துணி தெரிந்தது. வியாபாரி ஊரெல்லாம் இதையே விற்றிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. என் நான்கு பேரும் முன்னால் இருக்கிறார்களே!

"இங்க இல்லம்மா. போ, போய் உங்க அப்பாவப் புடிச்சுக்க" என்று திரும்பிப் பார்க்காமலே கையைத் தட்டிவிட்டேன். யார் வீட்டுப் பிள்ளையோ, இப்படியா கவனிக்காமல் விடுவார்கள் என்று அந்த முகம் தெரியாத தகப்பனைத் திட்டவும் செய்தேன்.

முன்னால் போன பெண் குழந்தை தள்ளாடியது. வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். அது என் கழுத்தில் முகம் புதைத்து விம்மிவிட்டு அப்படியே தூங்கிப்போனது. ராஜம் என்னிடம் இப்படி ஒட்டியதே இல்லை. இன்றைக்காவது பாசம் வந்ததே என்று பூரித்துப்போனேன்.

"அப்பா, அது வந்து..." என்றான் சுந்தரம்.

"பேசாத. பஸ் ஏறு."

"இல்லப்பா, ராஜம்..."

"தூங்குறா. கத்தாத!"

பஸ்ஸில் அவன் மூன்றாம் முறையும் வாயைத் திறந்தான். நான் முறைத்தேன். என்னைக் கண்டால் பயப்படும்படி அவனை வளர்த்திருந்தேன், அதில் பெருமை வேறு.

வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் இருட்டில் பார்த்தாள்.

"என்னங்க, ராஜம் எங்க? இது யாரு புள்ள?"

தூக்கம் கலைந்த குழந்தை என்னைப் பார்த்து, "எங்க வீடு செந்தூல்ல, மாமா" என்றது. கூட்டத்தில் அப்பாவைத் தவறவிட்ட அது, தன் கவுனைப் போலவே இருந்த பாபுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது. துணியைப் பார்த்து ஏமாந்ததில் அதற்கும் எனக்கும் வித்தியாசமில்லை. அதற்கு வயது ஆறு.

ரிக்‌ஷா பிடித்துத் திரும்பப் போன அந்த வழி எனக்கு இன்றும் மறக்கவில்லை. வேண்டாத தெய்வமில்லை. பூங்கா ஆபீசில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி உட்கார்ந்திருந்தார்.

"பதறாதேயுங்கோ. பிள்ளை எப்பிடி இருப்பா? சொல்லுங்கோ" என்றார்.

"பச்சைத் துணி. மஞ்சள் பூ."

அவர் என் கையிலிருந்த குழந்தையின் கவுனைப் பார்த்தார். "அது சரி. முகம் எப்பிடி?"

"வட்டமா... ஏழு வயசு..."

"மச்சம்? தழும்பு? பல்லு விழுந்திருக்கோ?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது பொய். மறப்பதற்கு, முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கிராணி மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து வாசித்தார். "கறுப்புக் கோட்டு. வலது ஆள்காட்டி விரலில ஊதா மை. குடையில ஒரு கம்பி முறிஞ்சு, சிவப்பு நூலால கட்டியிருக்கு. நடக்கேக்க உதடு அசையும், எண்ணிக்கொண்டே நடப்பார். கோபம் வந்தா இடது காது மட்டும் சிவக்கும்." நிமிர்ந்து என் இடது காதைப் பார்த்தார். "ஒரு பிள்ளை தன்ர அப்பாவைத் தேடச் சொல்லித் தந்த அடையாளம். உள்ளே இருக்கிறா."

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். செந்தூல் ரயில் பட்டறை ஃபிட்டர் ஒருவர் பாய்ந்து வந்தார். என்னை அடிக்கத்தான் ஓங்கினார், ஆனால் மகளைத் தூக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. பெஞ்சில் ராஜம் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. இடது புருவம் நடுவில் பிரிந்திருந்தது. மூக்கின் நுனியில் கடுகளவு மச்சம்.

"கண்ணாடியப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்பா. அப்புறம் ஓடி வந்து கோட்ட இழுத்தேன். அப்பாவப் புடிச்சுக்கன்னு சொன்னீங்க. நான் அப்பாவத்தானே புடிச்சேன்?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஃபிட்டர், கிராணி, எல்லோர் எதிரிலும், கோட்டு டையோடு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வெளியே கிளம்பும் யாரும் என் முன் நின்று முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது பேரப் பிள்ளைகள்கூட, "தாத்தா, மச்சம் பாத்துக்குங்க" என்று மூக்கை நீட்டிவிட்டு ஓடுகிறார்கள். விருந்தில் பந்திக்கு நான் ஆள் எண்ணினால், "எண்ணிக்கை சரி, ஆள் சரியா?" என்று மூலைக்கு மூலை குரல் வரும்.

ராஜத்தின் கல்யாணத்தன்று, அவளை வழியனுப்பும் நேரத்தில், நான் வாசலில் நின்று சாமான்களை எண்ணுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது.

"யாருன்னு சொல்லுங்கப்பா, பாப்போம்."

திரும்பாமலே சொன்னேன். பிரிந்த புருவம், மூக்கு நுனி மச்சம், சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் விழும் குழி, அழுகை வந்தால் கீழுதட்டைக் கடிக்கும் பழக்கம். கடைசியாகச் சொன்னதை அவள் அப்போது செய்துகொண்டிருந்தாள் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.