மீனின் வாலில் சுமிரேயின் கால்

மதிப்பிற்குரிய மிட்சுயோ அக்காவுக்கு, தம்பி தெட்சுரோ வணங்கி எழுதுவது. புது இலைகள் மினுங்கும் இந்த மே மாதத்தில் நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; விசாரித்து உறுதிசெய்யவில்லை.

உறுதியானது இதுதான்: என் நான்கு வயது மகள் சுமிரேக்கு இரண்டு பாதமும் தட்டை. சொன்னவர் எலும்பு மருத்துவர். நேற்று மாலை, என் முன்னிலையில். "இந்த வயசுல பெரும்பாலான பிள்ளைங்களுக்கு இப்படித்தாங்க இருக்கும். வளர வளர வளைவு வந்துடும். வலி இல்லேல்ல? ஓட விடுங்க" என்றும் அவரே சொன்னார். இதில் எதைத் தலைப்புச் செய்தியாகக் கொள்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மே ஐந்து, குழந்தைகள் தினத்துக்காக மழலையர் பள்ளியில் பெரிய காகிதக் கெண்டைமீன் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகளின் வண்ணப் பாத அச்சுகளை வெட்டி ஒட்டியதுதான் அதன் செதில்கள். எல்லா அச்சும் நடுவில் வளைந்து அவரை விதை போலிருக்க, வாலில் சுமிரே பெயரெழுதியது மட்டும் சோற்றுக்கரண்டி போல அகன்று கிடந்தது. பயந்துபோய் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன், நீங்கள் "வெறுங்காலோட தரையில விடாதேடா" என்று கனமான பூட்ஸ் அனுப்பினீர்கள், என் மாமியாரோ "காலைப் பூட்டி வச்சா வளைவு எங்கேர்ந்து வரும் மாப்பிள்ளை?" என்று வைக்கோல் செருப்பு கொடுத்தார், இருவரையும் பகைக்க முடியாமல் நான் எதை மாட்டுவது எதைக் கழற்றுவது என்று வாசலில் குழம்பிக்கொண்டிருக்கையில் பள்ளி வண்டி போய்விட்டது, அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிய நான், விளையாட்டு விழாவின் வெறுங்கால் ஓட்டத்தில் அவளைச் சேர்க்க வேண்டாமென்றும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. "அம்மா, அந்த சோயா சாஸை எடுக்கச் சொல்லு அப்பாகிட்ட" என்கிறாள், என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே.

"இருபது வருஷமா பத்திரிகைக்காரர், மீனைப் பார்த்து மகளுக்கு வியாதி கண்டுபிடிச்சிட்டீங்க!" என்று மனைவி நட்சுகோதான் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் என் காலுறையையும் கழற்றச் சொன்னார். என் பாதமும் தட்டை. "உங்களுக்கு இனிமே வளைவு வராதுங்க" என்றார். குளித்துவிட்டு ஈரக்காலோடு தரையில் நின்று, உங்களுடையது எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். அத்தானின் பாதங்கள் எந்த வடிவிலிருந்தாலும் சுகமாக இருக்கட்டும்.

தங்கள் தம்பி,
தெட்சுரோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பள்ளி ஆசிரியை கோனோ அழைத்தார்; மீனைப் பார்த்து நான் பயந்ததைச் சொன்னேன். "ஐயோ சுமிரே அப்பா, எல்லாப் பிள்ளைங்க அச்சும் அகலமாத்தான் இருந்துச்சு! செதில் மாதிரி அழகா வரட்டும்னு நான்தான் கத்தரிக்கோலால நடுவுல வளைச்சு வெட்டினேன். வாலுக்கு அகலமா வேணும்னு சுமிரேயோடதை மட்டும் வெட்டலை. வால் எனக்குத்தான்னு அவதானே அடம் பிடிச்சா!" ஆக, நான் கண்ட வளைவெல்லாம் கத்தரிக்கோலுடையது. மேலே எழுதியதில் மருத்துவர் சொன்னதைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். அவளை ஓட்டத்தில் சேர்த்தாயிற்று. விழா ஞாயிறு காலை. பெற்றோர் ஓட்டத்தில் நானும் வெறுங்காலோடு ஓடினால் பேசுவாளாம். இது நட்சுகோ மூலம் கிடைத்த தகவல். சுமிரே தரப்பு நண்பகலுக்குள் வாய் திறக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.