நாற்பது டன் தாங்கும் பாதை

எங்கள் வீட்டுக்கு வரும் பாதையைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், மாலக்கிக்கு ஒரு நல்ல ரோடு இல்லையே" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். அது ரோடு இல்லை, அகழி. ராஜாக்கள் கோட்டையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி முதலை விட்டார்கள். எனக்கு அந்தச் செலவே கிடையாது. மேயோ மாவட்டத்துச் சதுப்பு நிலம், பைசா வாங்காமல், என் வீட்டு முன்னால் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது.

இத்தனைக்கும் நான் கவுன்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், சாலைத் துறையில் மேற்பார்வையாளன். எந்த ரோட்டுக்கு முதலில் ஜல்லி, எந்த ரோட்டுக்குக் கடைசியில் என்று சொல்வதே என் உத்தியோகம். மற்றவர்கள் பதவியைப் பயன்படுத்தித் தங்கள் வாசல் வரைக்கும் தார் போட்டுக்கொள்வார்கள். நான் பதவியைப் பயன்படுத்தி, போடவிடாமல் பார்த்துக்கொண்டேன். இப்படி ஒரு தியாகியை அரசாங்கம் கண்டுகொள்ளவே இல்லை.

காரணம் என் சகலை ஃபெர்கல்.

டப்ளினில் இருக்கிறான். என் மனைவி அட்ராக்டாவின் தங்கை கன்செப்டாவைக் கட்டியவன். ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவான். ரோடு எப்படிப் போடுவது என்று எனக்கே பாடம் எடுப்பான். வந்ததும் குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற என் நாற்காலியில் போய் உட்காருவான். போதாக்குறைக்கு அக்கார்டியன் என்கிற துருத்திப் பெட்டி வேறு வாசிப்பான். தெரிந்தது ஒரே பாட்டு. அதிலும் முக்கால்வாசிதான் தெரியும். மீதியை மூச்சு விட்டு நிரப்பிவிடுவான்.

கடைசியாக வந்தபோது அவனுடைய தாழ்வான வெள்ளிக் கார், பாதி வழியில் கதவு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. நான்தான் டிராக்டர் கட்டி இழுத்தேன். அவசரமே படாமல் இழுத்தேன். அதோடு சரி, பிறகு அவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமை, என் நாற்காலி, என் அமைதி. வேறென்ன வேண்டும் மனுஷனுக்கு?

அப்போதுதான் பூசை முறை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று, எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் கோயின், தேவாலயத்தை விட்டு ஒரு வீட்டுக்கு வந்து பூசை வைப்பார். வீடு வீடாக முறை சுற்றும். முறை வந்த வீட்டுக்கு ஆண்டவர் வருகிறாரோ இல்லையோ, பெயின்டர் வந்துவிடுவார். பூசைக்காகக் கூரையையே மாற்றியவர்கள் உண்டு. கடவுள் எங்கும் இருக்கிறார், ஆனால் பழைய திரைச்சீலையைப் பார்த்தால் முகம் சுளிப்பார் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் தனி வேதம்.

"என்னங்க, இந்தத் தடவை பூசை நம்ம வீட்டுல," என்றாள் அட்ராக்டா.

"சந்தோஷம். சுவருக்கு வெள்ளை அடிச்சிடலாம்."

"சுவரு கெடக்கட்டும். ரோடு?"

"ரோட்டுக்கு என்ன கேடு?"

"கேடு ரோட்டுக்கு இல்ல, வர்றவங்களுக்கு. ஃபாதர் கோயினுக்கு முட்டி மாத்தி வெச்சிருக்கு. அவரைப் படகுலயா கூட்டிட்டு வருவீங்க?"

'முடியாது' என்று மனைவியிடம் சொல்வது அனுபவம் இல்லாத கணவன் செய்யும் வேலை. நான் தேர்ந்தவன். 'முடியும்' என்று சொல்லிவிட்டு அதன் தலையில் ஒரு மலையைத் தூக்கி வைப்பேன்.

"தாராளமா முடியும்," என்றேன். "ஆனா இது என்ன சாதாரண மண்ணா? காலங்காலமா பாசி மக்கி மக்கி ஊறிப்போன பஞ்சு. ஒரு லோடு கல்லு கொட்டினா கல்லு கீழ போகும். இன்னொரு லோடு கொட்டினா அதுவும் போகும். விடாம கொட்டினா ஆஸ்திரேலியாவுல வெளிய வரும்."

"அப்ப என்னதான் வழி?"

"கனமில்லாத அடித்தளம். அதுக்குப் பழைய டயரு."

"டயரா?"

"நூறு டயரை மெஷின்ல போட்டு நசுக்கி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டினா ஒரு கட்டு. அந்த மாதிரி கட்டுகளை வரிசையா அடுக்கி, துணி போத்தி, மேல ஜல்லி போடணும். மூழ்காது, சதுப்பு மேல மிதக்கும். மழைத்தண்ணியும் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் ஓடிடும்."

"அட, நல்லா இருக்கே! செய்ய வேண்டியதுதான?"

"செய்யலாம்மா. ஆயிரக்கணக்குல டயரு வேணும். நசுக்குற மெஷின் வேணும். சுற்றுச்சூழல் அனுமதி வேணும். கவுன்டி தலையாட்டணும். இதெல்லாம் கூடி வர்றதுக்குள்ள ஊரெல்லாம் சுத்தி நம்ம முறை மறுபடியும் வந்துடும்." நான் சோகமாகப் பெருமூச்சு விட்டேன். "பேசாம இந்தப் பூசைய பக்கத்துப் பண்ணை ஜார்லத் வீட்டுக்கு மாத்திடேன்."

"ஓ," என்றாள் அட்ராக்டா.

அந்த 'ஓ'வைக் கேட்டதும் எனக்குக் குலை நடுங்கியிருக்க வேண்டும். நானோ ஜெயித்துவிட்ட தெம்பில் இன்னொரு துண்டு ஆப்பிள் டார்ட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவள் ஜார்லத்திடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மாட்டைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது.

"மாலக்கி அண்ணே!" ஜார்லத் கீழே குதித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எங்க டயரெல்லாம் நீங்களே எடுத்துக்கிறீங்களாமே! தெய்வம்ணே நீங்க!"

"யாருடா சொன்னது?"

"அண்ணிதான்."

எங்கள் ஊர்க்காரர்கள் மாட்டுக்கு வைக்கிற புல்லைக் குவித்து, பிளாஸ்டிக் போர்த்தி, அது பறக்காமல் மேலே பழைய டயர் வைப்பார்கள். இப்போது புல்லை உருட்டி உறை போட்டுவிடுவதால் டயருக்கு வேலை போய்விட்டது. ஒவ்வொரு கொட்டகைக்குப் பின்னாலும் எலிக்கு அரண்மனையாகக் கிடக்கிறது. அத்தனை அரண்மனையும் இன்றைக்கு இடம் பெயர்ந்து என் வாசலுக்கு வந்திருந்தது. ஜார்லத்துக்குப் பின்னால் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒன்று. சாவு ஊர்வலம் மாதிரி. செத்தவன் நான்தான் என்பது அப்போது தெரியவில்லை.

"இங்க கொட்டக்கூடாது! அனுமதி இல்லாம டயரைக் கொட்டுறது குத்தம்!" என்று கத்தினேன். சட்டம் தெரிந்தவனுக்கு ஒரு கம்பீரம் வரும் பாருங்கள், அது வந்தது. அதே நேரம் பாக்கெட்டில் போனும் அடித்தது. என் மேலதிகாரி நூலா அம்மையார்.

"மாலக்கி, உங்க பெரிய மனச என்னன்னு சொல்றது!"

"என்ன மேடம்?"

"டயர் கட்டு போட்டுப் பாக்கறதுக்கு ஒரு சதுப்பு ரோட்டத்தான் கவுன்டி தேடிட்டிருந்துச்சு. அனுமதி வந்தாச்சு, மெஷினும் பேசியாச்சு, இடந்தான் கெடைக்கல. நீங்க என்னடான்னா உங்க வீட்டுப் பாதையையே குடுக்குறீங்களாமே!"

"நான்... குடுக்குறேனா?"

"அட்ராக்டா சொன்னாங்க. பாட்டுக்குழு ஒத்திகையில. மெஷின் நாளைக்கு ஜார்லத் கொட்டாய்க்கு வந்துடும், டயரை அங்க எறக்கிடச் சொல்லுங்க. இத்தனை வருஷமா சொந்த ரோட்ட பட்டியல்ல கடைசியிலேயே வெச்சிருந்தீங்க பாருங்க, உங்கள மாதிரி ஒருத்தர் உண்டா!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அட்ராக்டா ஜன்னல் வழியாக டிராக்டர்காரர்களுக்கு டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, ஒரு நாள் பூசைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஃபெர்கல் வந்தாலும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். அதற்குப் பிறகு மழை பெய்யும், ஜல்லி கலையும், அகழி திரும்பிவிடும். ரோட்டைக் கொஞ்சம் மேம்போக்காகப் போட்டால் போயிற்று.

ஆனால் வேலை ஆரம்பித்ததும் ஒரு ஆச்சரியம் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், கேள்வி கேட்க ஆரம்பித்தாள். கையில் டீ, கூடவே டார்ட், கண்ணில் ஆர்வம்.

"ஏங்க, இந்த டயரு மேல எவ்வளவு கனம் போகலாம்?"

"உன் காரு போகும், ஜார்லத் டிராக்டர் போகும்."

"அவ்வளவுதானா?"

அந்த 'அவ்வளவுதானா' என் ரோஷத்தில் போய்க் குத்தியது. "அவ்வளவுதானாவா? இன்னொரு அடுக்கு போட்டா நாப்பது டன் லாரி போகும், தெரியுமா!"

"சும்மா சொல்லாதீங்க."

"சும்மாவா? ஜார்லத்! இன்னொரு அடுக்கு!"

மறுநாள் மறுபடியும் வந்தாள். "அந்த வளைவுல நீளமான வண்டி ஏதாவது வந்தா திரும்புமா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

"எவ்வளவு நீளம்?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன இன்ஜினியரா? ரொம்ப நீளம்னு வெச்சுக்குங்களேன்."

வளைவை அகலப்படுத்தினேன்.

"அகலமா ஏதாச்சும் வந்தா?"

ஓரத்து வேலியைத் தள்ளிப் போட்டேன்.

கோடை என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் மழைக்காலம் முழுக்க இதே கதைதான். மேம்போக்காகப் போட வந்தவன், முட்டிவரை சேற்றில் நின்று கட்டுக்குக் கட்டு இடைவெளி பார்த்து அடுக்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பெண்டாட்டி மதித்துக் கேட்கிறாளே! அந்தப் போதையில் டப்ளின்வரை ரோடு போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

பூசையன்று ஊரே வந்தது. ஃபாதர் கோயின் காரில் உட்கார்ந்தபடியே வாசலில் வந்து இறங்கினார். "மாலக்கி, தண்ணி மேல நடக்குற மாதிரி இருக்கு," என்றார். எனக்குக் காது வரை சிவந்துவிட்டது. பூசை முடிந்து, ஹாம் சாண்ட்விச்சும் டீயுமாக எல்லாரும் முற்றத்தில் நின்று என் ரோட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கன்செப்டாவையும் ஃபெர்கலையும் காணவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்று அப்போது முழுசாக நம்பினேன்.

அப்போது தூரத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று சுழன்றுகொண்டு வந்தது. பின்னால் ஒரு லாரி. லாரி மேல் ஒரு வீடு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வீடேதான். ஆலையில் செய்து, லாரியில் தூக்கி வந்து வைக்கிற ரகம். கதவு, புகைபோக்கி, ஜன்னலில் பூப்போட்ட திரை. நீளமாக, அகலமாக, என் புது வளைவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"அட்ராக்டா, என்னது அது?"

"கன்செப்டா வீடு."

"அவங்க வீடு டப்ளின்ல இல்ல இருக்கு?"

"வித்துட்டாங்க. எங்கப்பா எனக்கு எழுதி வெச்ச பின்வயல் சும்மாதான கெடக்கு? அதுல வீடு கட்டிக்கச் சொல்லிட்டேன். கட்டி முடிக்கிற வரைக்கும் இதுல இருப்பாங்க. திங்கக்கிழமை கான்கிரீட் லாரி வருது."

கட்டி முடிக்கிற வரைக்கும்! எங்கள் நாட்டில் கொத்தனார் 'அடுத்த வாரம் வர்றேன்' என்று சொன்னால், அவர் வருவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்கே போய்விடுவார்கள்.

லாரி சதுப்பின் மேல் ஏறியது. உலகத்திலேயே தான் போட்ட ரோடு உள்ளே போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ரோட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன். 'இறங்கு, கொஞ்சம் இறங்கு, ஒரு பக்கமாவது சாய்' என்று கெஞ்சினேன். பாழாய்ப்போன டயர் ஒரு முனகல் முனகவில்லை. வளைவில் லாரி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பியது. ஜன்னலில் திரைகூட ஆடவில்லை.

"ஒரு விரக்கடை எறங்கல!" என்று நூலா அம்மையார் துள்ளினார். "சோதனை வெற்றி மாலக்கி! கவுன்டி பூரா இதையே போடப் போறோம்!"

ஊரே கைதட்டியது. ஜார்லத் விசில் அடித்தான். தீர்த்தச் செம்பு கையிலேயே இருந்ததால் ஃபாதர் கோயின் அந்த வீட்டின் மேல் நாலு தெளி தெளித்து, "இந்த வீட்டார் இங்கே நெடுங்காலம் வாழ்க" என்று ஆசீர்வாதமும் செய்துவிட்டார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் சொல்லித் தொலைத்தேன்.

பின்னாலேயே வந்த வெள்ளிக் காரிலிருந்து கன்செப்டா இறங்கி ஓடிவந்து, "அத்தான்! எங்களுக்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் ஃபெர்கல். தோளில் அக்கார்டியன். காலால் ரோட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தான்.

"பரவாயில்ல சகலை," என்றான். "அன்னைக்கே நான் சொன்ன மாதிரிதான் போட்டிருக்கீங்க." சொல்லிவிட்டு நேராக வீட்டுக்குள் போனான். அடுப்புக்குப் பக்கத்தில் என் நாற்காலி கிரீச்சென்றது. பாட்டு ஆரம்பித்தது.

நான் அட்ராக்டாவை ஓரமாக இழுத்துப் போனேன். "ஏம்மா, இதுக்குத்தான்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டாள்.

"சொல்லியிருந்தா இவ்வளவு கெட்டியா போட்டிருப்பீங்களா?"