ஞானஸ்நானத் தொட்டியின் காவல்காரி

கோயிலுக்குச் சாமியார் ஒருவர்தான். ஆனால் சாமியாருக்கே தெரியாத சட்டமெல்லாம் தெரிந்த ஓர் இனம் எல்லாப் பங்குக் கோயிலிலும் உண்டு. தேடி அலைய வேண்டாம், பூசை முடிந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். காவல்காரி என்று வைத்துக்கொள்வோம். பூசையில் யார் நன்மை அப்பம் வாங்கலாம், யார் பாட்டுக்குழுவில் நிற்கலாம், எந்தக் குழந்தை எந்த பெஞ்சில் அழலாம் என்பதற்கெல்லாம் அவளிடம் சட்டம் உண்டு. கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வாள்.

நம் காவல்காரிக்கு ஒரு தம்பி. அக்கா அடுக்கிய நிபந்தனைகளுக்குப் பயந்தே கோயிலை விட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு ஓடி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். குழந்தையும் பிறந்தது. மருந்துக்கடைப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

“அண்ணி, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும்.”

“தாராளமா. முதல்ல நீங்க ரெண்டு பேரும் கோயில்ல கல்யாணம் பண்ணுங்க.”

“அதுவரைக்கும்?”

“கிடையாது. சட்டம்னா சட்டம். நானா போட்டேன்?”

அவள்தான் போட்டாள். பிறகு தொட்டியருகே குழந்தையை ஏந்தும் ஞானத்தாய்க்கு ஒரு சட்டம், குழந்தையின் கவுன் நீளத்துக்கு ஒரு சட்டம் என்று வளர்த்துக்கொண்டே போனாள். பெற்றவள் சோறு இறங்காமல் தவித்தாள். இதற்கிடையில், துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து வந்தவள் குழந்தையின் உச்சி நனைந்திருப்பதைப் பார்த்தாள். “வேர்வை” என்றாள் அண்ணி. ஒரு துண்டை எடுத்துத் துடைத்ததோடு அது முடிந்தது.

கடைசியில் துணிந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனாள். அழைக்காமலே காவல்காரியும் கூடப் போனாள். சட்டத்துக்கு ஒரு துணை வேண்டாமா?

சாமியார் எல்லாவற்றையும் கேட்டார்.

“பிள்ளையை விசுவாசத்துல வளர்ப்பீங்களாம்மா?”

“வளர்ப்போம் சாமி.”

“அப்ப ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. உங்க கல்யாணத்தைப் பத்தி தனியா பேசிக்கலாம். அதுக்காகப் பிள்ளையை வெளியில நிறுத்துறதில்ல.”

பெற்றவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காவல்காரிக்கோ மூச்சு நின்றது.

“முடியாது சாமி! ரெண்டாவது தடவை கொடுக்கக் கூடாது. சட்டம்.”

“முதல் தடவை எப்போம்மா?”

“போன மாசம். குளியலறையில நானே கொடுத்துட்டேன்.”

“வேர்வைன்னீங்களே அண்ணி!”

“உயிருக்கு ஆபத்துன்னாதானே சாமியார் இல்லாம நீங்களே கொடுக்கலாம்?” சாமியார் காவல்காரியைப் பார்த்தார். “ பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

“தும்முச்சு சாமி.”



“ஒரு தும்மலா?”

“ரெண்டு. இதுங்க எப்பக் கோயிலுக்கு வந்து, எப்பக் கல்யாணம் பண்ணி... பச்சப்புள்ள சாமி, அது என்ன பண்ணுச்சு?”

சாமியார் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். சிரிப்பை அங்கேதான் வைத்திருந்தார் போலும்.

“ஞானஸ்நான வார்த்தையெல்லாம் சரியா சொன்னீங்களா?”

காவல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உள்ளங்கையில தண்ணி எடுத்து மூணு தடவை ஊத்தினேன். ஒரு எழுத்து தப்பல.”

“அப்ப செல்லும். எண்ணெய் பூசி, மெழுகுவத்தி கொடுத்து, மிச்சத்தை ஞாயித்துக்கிழமை முடிச்சிடலாம். என்ன பேர் வச்சீங்க?”

காவல்காரி ஜன்னலைப் பார்த்தாள்.

“என் பேருதான்.”

“அண்ணி!” என்று கத்தியவள், கத்தி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். “பேரை நாங்க வச்சுக்கிறோம். இனிமே பாப்பா தும்மினா என்னைக் கூப்பிடுங்க. சொட்டு மருந்து போதும்.” குழந்தையைத் தூக்கி அண்ணி மடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது அண்ணியின் சேலை மேல் பாலைக் கக்கியது. அதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நேற்றுத்தான் “அதெல்லாம் முடியாது, சட்டம் இடம் கொடுக்காது” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள். எதற்கும் உங்கள் உள்ளங்கையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.

ஈரமாக இருக்கிறதா?