எழுபத்து மூன்று கோல் வாங்கிய மாப்பிள்ளை

திசாவார்,
மே 27, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஹார்ஷ் அலாயோஷ் அவர்கள் சமூகத்திற்கு, முடிதிருத்துநர் ரிகோ தெஜோ பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் நூற்றுச் சொச்சம் தேனீப் பெட்டிகளும் சுகம் என்று நம்புகிறேன். அகாசியா பூத்திருக்கும் இந்த நாட்களில் தங்களுக்குத் தலை சொறியவும் நேரம் இருக்காது என்பது தெரியும். ஆனாலும் எழுதாமல் முடியவில்லை. இங்கே நானும் என் மனைவி ஏதெலும் மகள் எமெஷேயும் உடம்பளவில் சுகமே. என் கடைக் கண்ணாடி மட்டும் சுகமில்லை. நேற்று மாலை ஏழே காலுக்கு அதை உடைத்துவிட்டார்கள்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஜூன் பதினாறாம் தேதி நடக்க இருக்கும் தங்கள் மகன் மார்ட்டோன், என் மகள் எமெஷே கல்யாணத்தைத் தள்ளிவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்க வேண்டாம். இந்த ஊர் கால்பந்தை மறக்கும் வரைக்கும். முடிந்தால் தாங்களே வந்து மகனை அழைத்துப் போகவும். வரும்போது தொப்பியை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, யார் கேட்டாலும் பெயரைச் சொல்லாமல் வரவும்.

தாங்கள் கால்பந்து பார்ப்பதில்லை, ரேடியோவில் மேட்ச் வந்தால் அணைத்துவிட்டுத் தேனீக்களிடம் போய்விடுவீர்கள் என்று மார்ட்டோன் சொல்லியிருக்கிறான். அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். எங்கள் சர்க்கரை ஆலை அணி போன கோடையில் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஆலை கட்டிய நாளிலிருந்து நடக்காத காரியம். ஊரே மூன்று நாள் தூங்கவில்லை. அந்த வாரம்தான் தங்கள் மகன் சுண்டுவிரல் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததும், என் மகள் கட்டுப் போட்டதும், கட்டு அவிழ்ப்பதற்குள் இரண்டு பேரும் முடிவு பண்ணிக்கொண்டதும். நான் மறுப்புச் சொன்னேனா? குதித்தேன் ஐயா, குதித்தேன்! முதல் டிவிஷன் கோல்கீப்பர் என் வீட்டு மாப்பிள்ளை என்று அவன் போட்டோவைக் கடைக் கண்ணாடியில் சொருகி வைத்தேன். சவரத்துக்கு வருகிறவன் தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு திமிர் எனக்கு.

ஆகஸ்டில் முதல் மேட்ச், புடாபெஸ்டில், ஃபெரென்ட்ஸ்வாரோஷ் அணியோடு. ஏழு கோல். ஆறு கோலைப் பெரிய அணி என்று மன்னித்துவிடலாம். ஏழாவதை யாரும் அடிக்கவில்லை, சம்பந்தி. மார்ட்டோன் பந்தைப் பிடித்து, அழகாக எறிந்தான். அது நம்ம ஆளுடைய முதுகிலேயே பட்டுத் திரும்பி வந்து வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை கடை லீவு. செவ்வாய்க்கிழமை திறந்தேன். முதல் ஆளாக வந்து நாற்காலியில் சாய்ந்தவர் பக்ஷா. இவர் எங்கள் ஊர்க் கசாப்புக்காரர், அணிக்குப் பெரிய மேளம் அடிப்பவரும் இவரே. கன்னம் முழுக்க சோப்பு நுரையோடு, "தெஜோ, உன் மாப்பிள்ளைக்கு எதுக்குய்யா ரெண்டு கை? மோதிரம் மாட்ட ஒண்ணு போதுமே" என்றார். கடையே சிரித்தது. என் கையில் கத்தி, கத்திக்குக் கீழே அவர் கழுத்து. என் பொறுமையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் நடந்ததில் தங்களுக்கும் பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது. தாங்கள் அன்போடு ஒரு டின் தேன் அனுப்பினீர்களே, அதை நாங்கள் ரொட்டியில் தடவித் தின்றோம், தங்கள் மகன் கையுறையில் தடவினான். பந்து வழுக்காதாம்! வழுக்கவில்லைதான். டெப்ரெட்சென் அணிக்காரன் அடித்த அடியை ஒற்றைக் கையால் பிடித்தான் பாருங்கள், கைதட்டல் அடங்கவே இல்லை. பிறகு அதைத் தூரத்தில் எறியக் கையை ஓங்கிச் சுழற்றினான். பந்து கையை விட்டு வரவில்லை. ஒரு சுற்று சுற்றி, ரொம்பத் தாமதமாக, பின்பக்கம் போகும்போது விட்டது. நேரே நம்ம வலைக்குள்ளே. அதோடு விட்டதா? மிச்ச நேரம் பூரா ஊரிலுள்ள குளவியெல்லாம் கோல்போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, இவன் பந்தைப் பார்ப்பானா குளவியைப் பார்ப்பானா? நாலுக்கு ஒன்று. பக்ஷா மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, "தேனீ வளக்கிறவன் பிள்ளைக்குக் குளவியை விரட்டக் கூடத் தெரியலியே" என்று என் காது பக்கமாக வந்து கத்தினார்.

குளிர்கால ஓய்வு வந்தது, இரண்டு மாதம் நிம்மதி என்று நினைத்தேன். என் மச்சான் வீட்டில் பன்றி அடித்தோம், வழக்கம்போல விடிகாலையில், வழக்கம்போல முதலில் ஆளுக்கொரு கிளாஸ் பாலிங்கா சாராயம். "மாப்பிள்ளை பின்னங்காலைப் பிடிக்கட்டும், உரிமை" என்று நானே வாயைக் கொடுத்தேன். அவன் காலை அகட்டிக் குனிந்தான். பன்றி ஒரு நொடி அவனைப் பார்த்தது. அப்புறம் அவன் ரெண்டு காலுக்கும் நடுவிலே புகுந்து ஓடியே போயிட்டுது. கத்தியோட நின்னது யாரு? வேற யாரு, பக்ஷாதான். மத்தியானத்துக்குள்ள ஊர் முழுக்கச் செய்தி: சர்க்கரை ஆலை கோல்கீப்பர் பன்னிகிட்டயும் கோல் வாங்கிட்டான்.

வசந்தத்தில் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு மேட்ச் ஜெயித்தோம், நாலு டிரா. கடைசி இரண்டு இடத்துக்காரர்கள்தான் கீழே இறங்க வேண்டும், நாங்கள் அதற்கு ஒரு படி மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையில் ஏப்ரலில் ரயிலேறி தியோர் ஊருக்கு மேட்ச் பார்க்கப் போனேன். இந்த இடத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்தால் வசவு வரும் என்று உள்ளூர்க்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் அதே வசவுதான். பக்கத்திலிருந்தவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே, "என்ன பெரியவரே, சும்மாவே இருக்கீங்க, நீங்க அவங்க ஆளா?" என்று கேட்டார். நான் பயந்துபோய் எழுந்து நின்று, "யோவ் ஓட்டைக் கையா! வீட்டுக்குப் போய்யா!" என்று கத்தினேன். முப்பது வருஷம் கடைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரல், சம்பந்தி. கோல்போஸ்ட்டிலிருந்து மார்ட்டோன் திரும்பிப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவானோ மாட்டானோ என்று இருந்தேன். வந்தான். ஏதெல் சூப் ஊற்றினாள். அவன் உப்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "மாமா, அந்த வரிசையில சாயங்காலம் வெயில் கண்ணுல அடிக்கும். அடுத்த தடவை எதிர்ப்பக்கம் உட்காருங்க" என்றான். அவ்வளவுதான். எமெஷேக்குக் கூடச் சொல்லவில்லை. ஒரு வசவு வைதிருந்தால் நான் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

இனி நேற்று. கடைசி மேட்ச், எங்கள் மைதானத்தில். டிரா போதும், முதல் டிவிஷனில் தங்கிவிடுவோம். வந்தது யார்? உங்க ஊர்க்காரங்க. சொம்பத்ஹெய் அணி! தங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் ஊரின் அணி. நான் கோல்போஸ்ட்டுக்கு நேர் பின்னாலே, வலையைத் தொடும் தூரத்தில் நின்றேன். மேளத்தோடு பக்ஷா எனக்கு இரண்டு ஆள் தள்ளி. எண்பத்தெட்டு நிமிஷம், ஐயா, எண்பத்தெட்டு நிமிஷம் உங்க பிள்ளை ஆடின ஆட்டத்தை நீங்க பாத்திருக்கணும்! தாவுறான், உருளுறான், மூக்கிலே ரத்தம், துடைக்கக் கூட இல்லை. பக்ஷா என் தோளைப் பிடிச்சு உலுக்கி, "தெஜோ! உன் மாப்பிள்ளைடா!" என்று கத்தினார். ஒன்பது மாசத்துல முதல் தடவையா அவர் வாயில அது நல்ல வார்த்தையா வந்துச்சு. நான் அழுதுட்டேன்.

எண்பத்தொன்பதாவது நிமிஷம். அவங்க ஆள் ஒருத்தன் தூரத்திலிருந்து அடிச்சான். பந்து மேல் கம்பியில் இடிச்சு, கோட்டுக்கு உள்பக்கம் விழுந்து, சுழன்று வெளியே வந்துச்சு. மார்ட்டோன் மேலே விழுந்து அமுக்கிட்டான். ரெஃப்ரி நடுக்கோட்டுப் பக்கம். லைன்ஸ்மேன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கலை! நான் பார்த்தேன். வலைக்குப் பின்னால நின்ன இருபது பேரும் பார்த்தோம். பார்த்துட்டும், எல்லாரும் சேர்ந்து, "உள்ளே போகலை! உள்ளே போகலை!"ன்னு தொண்டை கிழியக் கத்தினோம். உங்க ஊர்க்காரங்க ரெஃப்ரியைச் சூழ்ந்துகிட்டாங்க. அந்த மனுஷன் எல்லாரையும் விலக்கிட்டு நேரா மார்ட்டோன்கிட்ட வந்தார். "தம்பி, நீயே சொல்லு. உள்ளே போச்சா?"

"போச்சுங்க."

போச்சு என்று சொன்னதோடு நிறுத்தினானா? கையுறை போட்ட இரண்டு கையையும் நீட்டி, எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அளவும் காட்டினான். ஒரு சாண்! விரலளவு காட்டியிருந்தாலாவது கொஞ்சம் சந்தேகத்துக்கு இடம் இருந்திருக்கும். எழுபத்து மூன்றாவது கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் இறங்கிவிட்டோம்.

சம்பந்தி, நான் கேட்கிறேன், எப்படி வளர்த்தீர்கள் இந்தப் பையனை? ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்லிக் கொடுக்காமல் ஒரு பிள்ளையை வெளியூருக்கு அனுப்பலாமா? ஊரில் இப்போது என்ன பேச்சு தெரியுமா? சொந்த ஊர்க்காரனுக்கு மேட்சை விற்றுவிட்டான் என்று. கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. ரொட்டிக் கடைக்காரம்மா ஏதெலுக்கு முகம் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வாசிக்க ஒத்துக்கொண்ட ஜிப்ஸி பாண்டு சொல்லி அனுப்பிவிட்டது, முதல் வயலின்காரருக்குத் திடீரென்று கை வலியாம். எமெஷேயிடம், "கொஞ்ச நாள் பொறும்மா" என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவள் என்மேல் பாய்ந்தாள்: "அப்பா, நான் கட்டிக்கிறது சர்க்கரை ஆலை அணியை இல்ல. எட்டாயிரம் பேர் பொய் சொல்லுன்னு கத்துறப்போ உண்மையைச் சொன்ன ஆளைக் கட்டிக்கிறேன். நீங்க வலைக்குப் பின்னால நின்னு என்ன கத்துனீங்கன்னும் எனக்குத் தெரியும்." ஏதெல் உடனே, "நல்லாக் கேளுடி" என்றாள். என் வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை.

அதனால் தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கல்யாணம் வேண்டாம், இப்போது வேண்டாம். விருந்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள். நாமே நூற்றிருபது பேர் சாப்பாட்டையும் சாப்பிட முடியாது. நான் முப்பது வருஷமாக முகம் பார்த்துப் பிழைக்கிறவன். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எதைச் சிரைப்பேன்?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் பெட்டிகள் நிறையட்டும், ராணித் தேனீக்கள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், மழை தாங்கள் கேட்ட நேரத்தில் மட்டும் பெய்யட்டும்.

மனம் நொந்து,
தங்கள் பணிவுள்ள
ரிகோ தெஜோ

பின்குறிப்பு, செவ்வாய் மாலை:
நேற்றுத் தபாலாபீசுக்குப் போகத் தைரியம் வரவில்லை. கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று கடை திறந்து பத்து மணி வரை ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை. அப்புறம் பக்ஷா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சோப்புப் போட்டேன், ஒரு கன்னம் முடித்தேன். இன்னொரு கன்னத்துக்குப் போகும்போது, "நானும் பாத்தேன் தெஜோ. உள்ளேதான் போச்சு" என்றார். "ஒரு சாண் இருக்கும்" என்றேன். "அதுக்கு மேலேயே இருக்கும்" என்றார். அந்தக் கன்னமும் முடிந்ததும், "என்னைக் கேட்டிருந்தா நான் சத்தியம் பண்ணியிருப்பேன், போகலைன்னு. ராத்திரி பூரா அதையே நினைச்சுட்டுக் கிடந்தேன்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், கல்யாணத்துக்கு இறைச்சி தன் பொறுப்பு, மேளத்தையும் கொண்டு வருகிறேன், எவன் வராமல் இருக்கிறான் என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஆனால் சனிக்கிழமை தங்கள் மகன் செய்ததைத் தங்களுக்கு யாரும் முழுசாக எழுதப் போவதில்லை, அவனும் வாயைத் திறக்க மாட்டான். அதனால் அப்படியே அனுப்புகிறேன். ஜூன் பதினாறு, காலை பதினோரு மணி. தொப்பியெல்லாம் வேண்டாம், பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரவும்.

ஒரே ஒரு விஷயம், உடனே பதில் போடவும்: பக்ஷாவுக்கு இரண்டு பெண்கள். தங்களுக்கு இளைய மகன் யாராவது உண்டா என்று கேட்கிறார். கால்பந்து ஆடத் தெரியாதவனாக இருந்தால் ரொம்பச் சந்தோஷம் என்கிறார்.